சாத்திய வீடுகளில் பிரகாசி

உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற கடம்பாக்குறிச்சியில், சந்தி என்கிற ஊர் இணையத்தளத்தின் உறுப்பினர்கள் வாக்குப் போட்டுப் பிரகாசியைச் சாத்திய மறுநாள் காலை, அவள் பால்காரரிடம் இன்றைக்கு ஒரு பாக்கெட் போதும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, தொண்டைக்குள் வழக்கமான அதிர்வுகூட ஓடியது, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. பால்காரர் சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "சரிக்கா, ரெண்டுதானே" என்று இரண்டு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்.

சளி என்று நினைத்து இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், ஒன்றும் ஆகாததால் தூத்துக்குடியில் டாக்டரைப் பார்க்கப் பேருந்து ஏறினாள். ஊரின் கடைசி வீட்டைத் தாண்டிப் பேருந்து உப்பளச் சாலையில் திரும்பியபோது கண்டக்டர் எங்கே என்று கேட்க, வராத குரலை வரவைக்கிற வேகத்தில் அவள் "தூத்துக்குடி ஒண்ணு" என்றாள், அது அத்தனை பெரிய சத்தமாக வெளியே வந்ததில் பேருந்தே திரும்பிப் பார்த்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். திரும்பி வரும்போது பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் இதையெல்லாம் அவள் விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்க, பேருந்து ஊருக்குள் நுழைந்து முதல் வீட்டு வாசலை எட்டிய இடத்தில், ஒரு சொல்லின் பாதியில், குரல் கத்தரித்தாற்போல் நின்றது. அந்தப் பெண் மீதியைத் தானே முடித்து, "ஆமா, டாக்டர்மாரு எல்லாம் இப்படித்தான்" என்றாள். பிரகாசி சொல்ல வந்தது அதுவல்ல.

சந்தியை யாரும் நடத்தவில்லை என்பதுதான் அந்த ஊருக்குப் பெருமை. பெரிய கம்பெனிகளின் தளங்களில் பாட்டும் படமும் போட்டு, ஒருநாள் காரணமே சொல்லாமல் எல்லாம் அழிக்கப்பட்டுவிட, போன் போட்டுக் கேட்க ஆளில்லாமல் அலுத்துப்போன சில பேர் சேர்ந்து, நமக்கு நாமே ஒன்று வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தது அது. உறுப்பினர் வீடு ஒவ்வொன்றிலும் வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ஒருவர் தன் வீட்டிலிருந்து பாடினால் அந்தப் பாட்டு எல்லாப் பெட்டியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முதலாளி கிடையாது, ஆபீஸ் கிடையாது, பூட்டிவிட்டுப் போகிறவர் யாரும் கிடையாது. கோவில் பாடகர் குழு தங்கள் பாட்டைப் போட்டது, மீன் புட்டு செய்கிறவர்கள் அதைப் படமெடுத்துப் போட்டார்கள், பெயின்ட் கடை சுயம்புலிங்கம் உப்பளத்தில் வந்து இறங்குகிற பூநாரைகளை எடுத்துப் போட்டான். ஊரில் பெட்டி இல்லாத வீடு அநேகமாக இல்லை என்று ஆனபோது, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குக் கல்யாண மண்டபத்தில் கூடி விதிகள் போட்டார்கள். சுயம்புலிங்கம்தான் எழுதி வாசித்தான். ஒருவர் இன்னொருவரைப் புண்படுத்தினால் புண்படுத்தியவரைச் சாத்தலாம், அதாவது அவர் குரல் எந்தப் பெட்டியிலும் வராதபடி அடைத்துவிடலாம், அதற்கு எல்லாரும் பதில் போட வேண்டும், ஒரு வாரத்துக்குள் பதில் போடாதவர்கள் சாத்தச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அவன் வாசித்தபோது, அப்படியில்லாவிட்டால் எந்த வாக்கெடுப்பும் முடியவே முடியாதே என்று எல்லாருக்கும் பட்டதால், கைதட்டினார்கள்.

பிரகாசி குரல் கதை சொல்கிறவள். அடுப்படியில் போர்வையைத் தலைவழி போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஒரே வாயால் மாமியாரும் மருமகளும் இடைவெளியில்லாமல் சண்டை போடுவதை, படகு ஏலம் எடுப்பதை, பங்குத் தந்தை தும்மியபடியே பிரசங்கம் வைப்பதை அவள் பதிவுசெய்து போடுவாள், ஊர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். அப்படி ஒரு கதையில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற ஒரு பெண் வந்தாள். மோட்டார் காயில் எரிந்துபோன மிக்ஸி மாதிரி அவளுக்கும் பேச்சு ஸ்டார்ட் ஆகாது, உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். ஊரில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற பெண் ஒருத்திதான், சுயம்புலிங்கத்தின் தங்கை வேல்கனி. பெயின்ட் கடையை ஒட்டிய சின்ன அறையில் அவள் வேலை பார்த்தாள், மிக்ஸியையும் கிரைண்டரையும் கழற்றி மாட்டுவதை எடுத்துச் சந்தியில் போடுவாள், அதில் அவளுடைய கைகள் மட்டும்தான் வரும், பேச்சு வராது, ஏனென்றால் அவளுக்குத் திக்குவாய்.

கதை நன்றாகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு கிரைண்டர் கொண்டு வந்த ஒரு அம்மாள் "க... க... கல்லு சுத்தலை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள், அடுத்து வந்தவர்களும் அதையே செய்தார்கள். வேல்கனி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்தாள், படம் போடுவதை நிறுத்தினாள். சுயம்புலிங்கம் புகார் போட்டான். நான் யார் பெயரையும் சொல்லவில்லையே என்று பிரகாசி பதில் போட்டாள். சாத்து என்று கொஞ்சம் பேர் சொன்னார்கள், வேண்டாம் என்று அதைவிடக் கொஞ்சம் பேர் சொன்னார்கள், மற்ற எல்லாரும், இதில் நமக்கென்ன என்றும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றும், யார் மனதையும் நோகடிக்க வேண்டாம் என்றும் பேசாமல் இருந்தார்கள். வேல்கனியும் பதில் போடவில்லை, அவளை யாரும் கேட்கவுமில்லை. உப்பு லாரி ஓட்டுகிற பிரகாசியின் புருஷன் மிக்கேல் அப்போது லோடோடு கொல்லத்தில் இருந்தான். செல்போனில் அறிவிப்பு வந்ததைப் பார்த்தான், சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று நினைத்தான், சாப்பிட்டான், தூங்கிவிட்டான். பிரகாசி வீட்டுப் பெட்டி மிக்கேல் பெயரில் இருந்தது. அதனால் அந்த வீடும் அவளைச் சாத்தியது.

பெட்டி இருக்கிற வீடுகளுக்குள்ளும், அந்த வீடுகளுக்கு முன்னால் இருக்கிற தெருவிலும் அவள் குரல் எழும்பவில்லை. உப்பளத்தில் எழும்பியது, கடற்கரையில் எழும்பியது, பெட்டி வாங்காத மெயின் ரோட்டு டீக்கடையில் எழும்பியது. ஊர் இதை ஒரு அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சாத்தினோம், சாத்தியிருக்கிறது, வேறென்ன ஆகும் என்று நினைத்தாற்போல், மீன் கடைக்காரி அவள் கண் போகிற மீனை நிறுத்துக் கொடுத்தாள், மாதா கோவில் வேலைகளைப் பார்க்கிற கோவில்பிள்ளை, பூசையில் அவள் வாசிக்க இருந்த வேத வாசகத்தை வேறொருத்திக்கு மாற்றினார், தெருவில் எதிர்ப்பட்டவர்கள் அவள் வாய் அசைய ஆரம்பித்ததுமே "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்றார்கள். அவள் தக்காளி கேட்டால் கத்தரிக்காய் கொடுத்தார்கள், வேண்டாம் என்று கையாட்டினால் இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள், எழுதி நீட்டினால் படிக்காமலே மடித்து வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் வேறொன்றும் நடக்க ஆரம்பித்தது. "பிரகாசியே சொன்னா" என்று ஊரில் பேச்சு வந்தது. மருமகள் மேல்தான் தப்பு என்று பிரகாசி சொன்னதாக ஒரு வீட்டு மாமியார் சொன்னாள், மாமியார் மேல்தான் தப்பு என்று பிரகாசி சொன்னதாக மருமகள் சொன்னாள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேர் எதிரிலும் அவள் வாய் அசைந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுக்குத் தகுந்த ஒரு பிரகாசி இருந்தாள். முன்னைவிட அவளை எல்லாருக்கும் பிடித்தது.

பிறகு ஷேர் ஆட்டோ மாசானம் சாத்தப்பட்டான். நகராட்சிக் காண்டிராக்டர்களைப் பற்றி அவன் கட்டிப் பாடிய பாட்டுகளில் ஒன்று ஒருவருடைய மனைவியைப் பற்றியதாகப் போய்விட்டது. பரோட்டாக் கடைகளைத் திட்டிப் படம் போட்ட ஒருவன் சாத்தப்பட்டான். கோலம் போடுகிற இரண்டு பெண்கள், ஒருத்தி கோலத்தை மற்றவள் எடுத்துக்கொண்டாள் என்று மாறி மாறிப் புகார் போட்டதில், இரண்டு பேருமே சாத்தப்பட்டார்கள். இன்னும் பல பேர் வரிசையாகச் சாத்தப்பட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வொன்றிலும் பேசாமல் இருந்தவர்கள்தான் அதிகம். ஏலக் கூடத்திலும் பெட்டி இருந்ததால் மீன் ஏலத்தில் பாதி வாய்கள் சத்தமில்லாமல் திறந்து திறந்து மூட, ஏலம் அதுபாட்டுக்கு நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் இடைவேளையில் சத்தம் வராமல் சண்டை போடுகிற விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்து விளையாடினார்கள். நாய்கள் மனிதர்களின் வாயைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றன. வெளியூரிலிருந்து வந்த ஒரு அதிகாரி, எவ்வளவு அமைதியான ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தியில் சூரிய அஸ்தமனப் படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

மாசானம் ஒரு சமயம் சுயம்புலிங்கத்தின் மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். பெட்டி மாட்டியிருந்த ஆட்டோ ஸ்டாண்டில் அவன் வாயைப் பார்க்கச் சகிக்காமல், சாத்தியவர்களைத் திறக்க வேண்டும் என்று சுயம்புலிங்கமே ஒரு கோரிக்கை போட்டான். அப்போதுதான், சாத்துவதற்குத் தான் எழுதிய விதிகளில் திறப்பதற்கு ஒன்றுகூட எழுதவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. கேட்பதற்கு முதலாளி இல்லை, ஆபீஸ் இல்லை. கோரிக்கைக்கு ஊர் பதில் போடவில்லை, பதில் போடாதவர்கள் சாத்தச் சம்மதித்தவர்கள் என்பதுதான் விதி. அவன் தன் வீட்டுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உப்பளத்து வாய்க்காலில் போட்டான், வந்து மாசானத்தை வீட்டுக்குள் கூப்பிட்டு "ஏதாவது சொல்லும் அண்ணாச்சி" என்றான். மாசானம் வெகுநேரம் ஏதோ சொன்னான். வீடு சாத்தியபடியே இருந்தது.

ஒரு மத்தியான நேரம் பிரகாசி வேல்கனியின் கடைக்கு வந்து, பாதி இறங்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேல்கனி கையில் ஸ்குரு டிரைவரோடு பார்த்தாள். பிரகாசி பேச ஆரம்பித்தாள், அதாவது அவள் வாய் அசைய ஆரம்பித்தது, வேல்கனிக்கு அந்த அசைவிலிருந்து ஒன்றும் புரியவில்லை. மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்திருக்கலாம், திட்டுகிறாள் என்று நினைத்திருக்கலாம், மிக்ஸி கெட்டுப்போய்விட்டது என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் வேல்கனி அப்படி எதையும் நினைக்கவில்லை, ஏனென்றால் பேசத் தொடங்கிய வயதிலிருந்து அவள் வாயில் சொல் திணறி நிற்கிறபோதெல்லாம் எதிரில் இருப்பவர்கள் அவசரமாக வேறொரு சொல்லை எடுத்து நீட்டுவார்கள், அது தான் சொல்ல வந்த சொல் இல்லையென்றாலும் களைத்துப்போய் ஆமாம் என்று தலையாட்டி வாங்கிக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அப்படித் தலையாட்டித்தான் பத்தாம் வகுப்போடு நின்றாள், அப்படித் தலையாட்டியதில் ஒரு கல்யாணமே நடந்து முறிந்தது. அதனால் அவள் ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, பிரகாசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் நினைக்காமல், காத்திருந்தாள். கிரைண்டர் கல் மேல் விழுந்திருந்த வெயில் இறங்கித் தரைக்கு வந்தது, தரையிலிருந்து நகர்ந்து ஷட்டருக்கு வெளியே போனது. பிரகாசி பேசிக்கொண்டே இருந்தாள். வேல்கனி இமைத்தபோது, நடுவாக்கியத்திலிருந்து குரல் வந்தது.

"...தெரிஞ்சுதான் செஞ்சேன். ஜனம் சிரிக்கும்னு தெரியும். நீ கேப்பன்னும் தெரியும். அதையும் நினைச்சுக்கிட்டுதான் செஞ்சேன்."

தன் குரலைக் கேட்டு அவளே நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தார்கள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

"அக்கா," என்றாள் வேல்கனி, "எனக்கு 'க' வரும். 'ப'தான் வராது. நீங்க அதைத் தப்பாப் ப... ப..."

பிரகாசியின் வாய் பத்துப் பேரின் பேச்சைப் பேசிப் பழகிய வாய். சொல் அதன் நுனியில் வந்து நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"...பண்ணிட்டீங்க," என்று வேல்கனி முடித்தாள். பிறகு, "உங்க பே... பேரே எனக்கு வராது. அதான் அக்கான்னு மட்டும் சொல்லுதேன்."

"அக்கான்னே சொல்லு," என்றாள் பிரகாசி.

சுவருக்கு அந்தப் பக்கம் பெயின்ட் கடையில் சுயம்புலிங்கத்துக்கு அந்தப் பேச்சு கேட்டது. மறுநாள் அவன் பிரகாசியைத் தன் வீட்டு வாசலில் உட்காரவைத்து, வேல்கனி சொன்னபடி எதிரில் உட்கார்ந்தான். முதல் தடவை அவள் வாயைத் திறந்ததுமே "என் மேல கோவம் இருக்கும்னு தெரியும்" என்றான், வீடு சாத்தியபடியே இருந்தது. இரண்டாவது தடவை வாயைத் திறக்கவில்லை, ஆனால் மனதுக்குள் அவள் சொல்வதையெல்லாம் தானே சொல்லிக்கொண்டிருந்தான், அதற்கும் வீடு திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் பல நாள் முயன்றான். கடைசியில் ஒருநாள், பூநாரைக்காகச் சேற்றில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாற்போல் உட்கார்ந்தபோது குரல் வந்தது, அது "உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ" என்று கேட்டது. அவன் எழுந்தான். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

அப்படித்தான் அவள் வீடு வீடாகப் போனாள். சில பேர் உட்கார்ந்தார்கள், சில பேருக்கு உலையில் அரிசி கிடந்தது. உட்கார்ந்தவர்களிலும் பாதிப் பேர், காப்பி கொடுத்து, மின்விசிறி போட்டு, கொஞ்ச நேரம் அவள் வாயைப் பார்த்துவிட்டு, "மன்னிப்புதானே கேக்குறே, போகுது விடு பிரகாசி" என்று பெருந்தன்மையாக எழுந்தார்கள், அந்த வீடுகள் திறக்கவேயில்லை. திறந்த வீடுகளிலும் வந்த குரல் எல்லாருக்கும் பிடித்த குரலாக இல்லை. மருமகள் மேல் தப்புச் சொன்ன அந்த மாமியார் வீட்டில் அது, நீங்கள் பிள்ளையைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள் என்றது; மீன் கடைக்காரி வீட்டில், அன்றைக்கு எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது நீதான் என்றது. இத்தனை நாளாக எல்லாவற்றுக்கும் ஒத்துப்போன பிரகாசி எங்கே போனாள் என்று அவர்கள் திகைத்தார்கள். வேல்கனி ஆட்டோ ஸ்டாண்டில் போய் மாசானத்தின் எதிரில் உட்கார்ந்தாள், ஸ்டாண்டில் அவன் பாட்டு எழும்பியது, மற்ற இடங்களில் இல்லை. தெருவில் பிரகாசி பேசிக்கொண்டு நடந்தால், திறந்த வீட்டுக்கு முன்னால் சொல் கேட்கும், அடுத்த வீட்டுக்கு முன்னால் வாய் மட்டும் அசையும், அதற்கடுத்த வீட்டில் மறுபடி சொல் தொடங்கும், ஓட்டை ஓட்டையாக அவள் பேச்சு தெருவின் கோடிவரை போகும், ஊர் அதற்கும் பழகியது.

திறக்காத வீடுகளில் ஒன்று அவளுடையது.

மிக்கேல் கெட்டவனில்லை. லோடு இறக்கிவிட்டு வருகிறபோதெல்லாம் அவளுக்குப் பிடித்த மஸ்கோத்து அல்வா வாங்கி வருவான். அவள் வாய் அசைந்ததும் "தலைவலியா, மாத்திரை தரட்டா" என்பான், "உங்கம்மா வீட்டுக்குப் போணுமா, அடுத்த மாசம் போவோம்" என்பான். லாரிகள் நிற்கிற செட்டில், "இப்ப எங்களுக்குள்ள சண்டையே கிடையாது தெரியுமா" என்று சந்தோஷமாகச் சொல்வான். உப்பளக் கரைக்கு வாருங்கள், அங்கே எனக்குக் குரல் வரும் என்று அவள் எழுதிக் காட்டியபோது, வெயிலில் எதற்கு, வீட்டிலேயே பேசலாம் என்றான். அவள் கடற்கரையில் நின்று போன் செய்தபோது, "ஓட்டிக்கிட்டிருக்கேன் பிள்ள, வீட்டுக்கு வந்து பேசுதேன்" என்று வைத்துவிட்டான். எந்தெந்த வீட்டில் குரல் வருகிறது என்று ஊரே அறிந்திருந்ததால், உன் பெண்டாட்டி என் வீட்டில் நன்றாகப் பேசிவிட்டுப் போனாளே என்று ஒருவர் லாரி செட்டில் வைத்து அவனிடம் சொன்னார். மிக்கேல் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் வண்டிக்கு அடியில் போய் எதையோ பார்ப்பதுபோல் படுத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு முடித்து, அவள் தட்டை எடுக்காமல் அவன் எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். அவன் வாய் தன்னால் "ரசத்துல உப்பு..." என்று போய் நின்றது. அவள் பேசினாள். அவள் நெற்றியில் தனக்குத் தெரியாத ஒரு கோடு இருப்பதைப் பார்த்தான். எப்போது வந்தது என்று யோசிக்கப் போனான், அதையும் விட்டான். இவளைத் தனக்குத் தெரியும் என்கிற நினைப்பு, வண்டியில் ஏற்றிய லோடு மாதிரி, இத்தனை வருஷமும் மேலேயே இருந்திருக்கிறது. அதை இறக்கியதும் எதிரில் இருப்பவள் யாரோ ஒரு பெண்ணாகத் தெரிந்தாள், அவனுக்குப் பயமாக இருந்தது. கையிலிருந்த சோற்றுப் பருக்கை காய்ந்தது. வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள், யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், வீட்டுக்குள் அவள் குரல் வந்தது.

"...அதனால வேல்கனி கடைக்கு மேல ஒரு ரூம் பார்த்திருக்கேன். அடுத்த வாரம் போயிருவேன்."

அவள் நிறுத்தினாள். இத்தனை நாளில் எத்தனை தடவை இதைச் சொல்லியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அல்வாவைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருப்பாள், அவன் மாத்திரையை நீட்டியபோது சொல்லியிருப்பாள். ஏன் என்று கேட்க வாயெடுத்தான், கூடவே அதற்கு ஒரு பதிலும் அவன் நாக்கில் தயாராக வந்து நின்றது. அவன் அதை விழுங்கினான்.

"கடைசிதான் கேட்டுச்சு," என்றான். "முதல்லேருந்து சொல்லு."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.